தவிடு போன இடம்

ஒதீலா அரம்புரு தன் கிடாரிகளைப் பதினைந்து மாத வயதிலேயே காளைக்கு விடப்போவதாகச் சொன்ன அன்று, மாட்டுப் பண்ணையாளர் சங்கக் கூடத்தில் முதலில் சிரித்தவர் ஏலம் கூவும் பிராவுலியோதான்.

“என்ன ஒதீலா, பால்பல்லு விழாத புள்ளைக்குக் கல்யாணமா? பாதிரியார்கிட்ட சொல்லிட்டியா?”

“மூணு வயசு வரைக்கும் புள்ளைங்களப் பட்டினி போட்டு வளக்கறது நீங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல” என்றாள் அவள். கூடம் இப்போது பிராவுலியோவைப் பார்த்துச் சிரித்தது.

உருகுவேயின் வடக்கே, தக்குவரெம்போவைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர். ஒதீலாவும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம். அதனால் எனக்கு அவள் ஒதீலா. மற்றவர்களுக்கு மரியாதையாகத் தோன்யா ஒதீலா. அப்பா இறந்த பிறகு அண்ணன் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு தலைநகருக்குப் போய்விட, மிச்ச நிலத்தையும் மாடுகளையும் அவள் ஒருத்தியாகக் கட்டி மேய்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குதிரை ஏறினால் ஆண்களுக்குச் சமம். நேர்மையானவள், முன்கோபக்காரி. தான் தப்புச் செய்யக்கூடும் என்ற எண்ணம் மட்டும் அவளுக்கு வந்ததே இல்லை. எனக்குத் தெரிந்து ஐம்பது வயது வரை அவள் யாரிடமும் ‘தப்பாயிடுச்சு’ என்று சொன்னதில்லை.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் கிடாரிக் கன்று பால்குடி மறந்ததும் வெறும் புல்வெளியில் விட்டுவிடுவோம். குளிர்காலத்தில் பனி விழுந்து புல் கருகும். கன்றின் எலும்பு மட்டும் நீளும், சதை பிடிக்காது. வசந்தத்தில் தேறி வரும், அடுத்த குளிரில் மறுபடி வற்றும். இப்படியே மூன்று வருஷம் போன பிறகுதான் காளை சேர்ப்போம். அத்தனை நாளும் அது நிலத்தைத் தின்றுகொண்டு சும்மா நிற்கும். ஒதீலாவின் கணக்கு வேறு. முதல் குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த டிசம்பர் கோடைக்குள் கிடாரி ஒரு முழுப் பசுவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிடும். தொட்டால் பருவத்துக்கு வரும், வந்தால் சினை பிடிக்கும். அதற்கு வேண்டியது தினமும் கொஞ்சம் அரிசித் தவிடு.

தவிடு கொண்டுவந்தவன் நான். எனக்கு லாரி ஓட்டும் தொழில். மாடு ஏற்றாத நாளில் ஆலையிலிருந்து தவிடு ஏற்றுவேன். மூட்டைகளை ஒதீலாவின் கொட்டகையில் இறக்கும்போது கூட நின்று தோள் கொடுப்பவன் லீபர் கொர்ரேயா.

லீபர் அந்தப் பண்ணையில் வாலிபத்திலிருந்து வேலை பார்த்தவன். உயரமானவன், அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி மிர்த்தா அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். பண்ணை எல்லையில் ஒதீலா கொடுத்த வீட்டில் அவர்களும் ஒரே மகளும் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மிர்த்தா பன்றி வளர்த்தாள்.

அந்த வருஷம் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்த கையோடு தவிடு வைக்க ஆரம்பித்தார்கள். தொட்டிகள் வீட்டிலிருந்து தொலைவில், ஓடைக்கு அந்தப் பக்கத்து நிலத்தில் இருந்தன. லீபர் காலையில் குதிரை வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவான். வந்ததும் ஆடுகள், அதன் பிறகு வேலிக் கம்பி என்று வேலை வரிசையில் நிற்கும்.

“லீபர், தவிட்டைக் கொட்டினதும் வந்துடு. அங்க நின்னு கன்னுக்குட்டிங்க மூஞ்சியப் பாத்துட்டு இருக்காத” என்று ஒதீலா சொன்னதை நானே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

“சரி தோன்யா” என்பான். சொன்னபடியே செய்வான்.

குளிர் தொடங்கும்போது பக்கத்துப் பண்ணை ஒன்று கலைந்தது. அங்கே நல்ல கிடாரிகள் விலைக்கு வந்தன. இவளுடைய கன்றுகளைவிட ஒரு பருவம் மூத்தவை, கொம்பு வைத்தவை. ஒதீலா வாங்கினாள். தனி நிலத்தில் விட்டால் இன்னொரு வரிசைத் தொட்டி வேண்டும், இன்னொரு நடை வண்டி ஓட்ட வேண்டும். அதனால் அவற்றைத் தன் சின்னக் கன்றுகளோடு சேர்த்து விட்டாள். தவிட்டை மட்டும் தலைக்குத் தக்கபடி கூட்டினாள். கணக்கில் ஒரு பிடிகூடக் குறையவில்லை. நான்தானே சுமந்து வந்தேன்.

குளிர் முடிந்ததும் எடை போடும் நாள் வந்தது. ஒதீலா சங்கத்துக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தாள். செம்மறிக்குட்டி ஒன்று கம்பியில் கோத்து நெருப்போரம் வெந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஒரே குழலில் உறிஞ்சும் மாத்தே என்ற இலைத் தேநீர்க் குடுக்கை கைக்குக் கை சுற்றியது. அவள் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதலில் வந்தவை விலைக்கு வாங்கிய கிடாரிகள். பீப்பாய்கள் போல உருண்டிருந்தன. முதுகு தட்டையாக, வால் அடியில் கொழுப்பு கட்டி நின்றது. ஆட்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு அவளுடைய சொந்தக் கன்றுகள் வந்தன. மயிர் சுருளாமல் செம்பட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. விலா எண்ண முடிந்தது. பால் மறந்த அன்று எந்த எடை இருந்ததோ, அதைவிட ஒரு குடம் தண்ணீரின் எடை கூடியிருக்கலாம், அவ்வளவுதான். ஒன்றிரண்டு அதற்கும் கீழே.

 பிராவுலியோவால் சும்மா இருக்க முடியவில்லை.

“ஒதீலா, சோறு போட்டு வளத்தேன்னியே, சோத்த யாரு தின்னா? என் வீட்டு நாய் இதைவிடப் புஷ்டியா இருக்கு.”

சிரிப்பு வெடித்தது. ஒதீலாவின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். வாங்கின கிடாரிகள் கொழுத்திருந்தது அவள் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் அவை மூத்தவை, வேறு ரத்தம் என்று அதற்கு ஒரு காரணம் ஏற்கெனவே அவள் மனதில் இருந்தது. தன் கன்றுகள் இப்படி நிற்பதற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை. லீபர் எடைமேடைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு அங்கேதான் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள்.

“யாரு தின்னாங்கன்னு எனக்குத் தெரியும். மிர்த்தாவோட பன்னிங்களப் போய்ப் பாருங்க. எப்படி மினுமினுன்னு இருக்குன்னு.”

திருடன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

லீபர் கதவுக் கட்டையிலிருந்து கையை எடுத்தான். தொப்பியைக் கழற்றினான்.

“பன்னிங்களுக்குப் பூசணிக்காயும் பாலாடைக்கட்டிக்காரர் வீட்டு மோர்த்தண்ணியும் தோன்யா. வேற ஒண்ணும் கிடையாது.”

“உன் வீட்டுல தவிட்டு மூட்டைய நான் பாத்தேன் லீபர்.”

“அது காலி சாக்கு. நீங்க எடுத்துக்கச் சொன்னீங்க. கொட்டாய்க்கு மறைப்பு கட்டியிருக்கு.”

“எல்லாம் காலியாத்தான் இருக்கும், தின்ன பிறகு.”

லீபர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். தவிடு கொட்டகைக்கு வந்தது எனக்குத் தெரியும், அங்கிருந்து எங்கே போனது என்று தெரியாது.  அவன் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த கன்றுகள் எல்லாவற்றையும் மேடைக்கு ஏற்றி இறக்கி முடித்தான். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை. இறைச்சி பரிமாறுகிறபோதுதான் அவன் இல்லாதது தெரிந்தது.

மறுநாளே வீட்டைக் காலி செய்து, ஊரின் மறுகோடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். சாமான் ஏற்றிப் போனது என் லாரிதான். பன்றிகளை மிர்த்தா ஏற்றவிடவில்லை. கண்ணில் பட்டவனுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.

“ஊரு வழியாத்தான் போகணும் வில்மார்” என்றாள் என்னிடம். “சுத்துப் பாதையில போனா திருட்டுப்பய போறான்னு நினைப்பாங்க.”

ஊர் வழியாகத்தான் ஓட்டினேன். அவள் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். லீபர் பின்னால் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு வந்தான், யாரையும் பார்க்காமல்.

அதன் பிறகு ஊர் செய்ததைச் சொல்ல வேண்டும். யாரும் அவனைத் திட்டவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் “இப்ப ஆள் தேவையில்ல, சொல்லி அனுப்பறேன்” என்றார்கள். ஒருநாள் நாற்சந்திக் கடையில் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து மாத்தே குடித்துக்கொண்டிருந்தோம். லீபர் வந்து ஓரமாக உட்கார்ந்தான். குடுக்கை வரிசையாகச் சுற்றி வந்தது. அவனுக்கு இந்தப் பக்கம் இருந்தவன் குடித்துவிட்டுக் கையை நீட்டி, அவனைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்தவனிடம் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு அதைவிடக் கேவலம் செய்ய முடியாது. லீபர் எழுந்து போனான். பிறகு தெரிந்தது, தைல மரம் நடும் கம்பெனி ஒன்றில் கூலிக்குச் சேர்ந்திருக்கிறான் என்று. பிறந்ததிலிருந்து குதிரை முதுகில் இருந்தவன், இடுப்பில் நாற்றுத் தட்டைக் கட்டிக்கொண்டு சேற்றில் நடக்கிறான் என்றார்கள்.

ஒதீலா புது ஆள் வைக்கவில்லை. இனி யாரையும் நம்பமாட்டேன் என்று தானே வண்டி கட்டினாள். வசந்தத்துப் புல் வந்துவிட்டாலும், டிசம்பருக்குள் கிடாரிகள் எடை ஏற வேண்டும் என்று தவிட்டை நிறுத்தவில்லை. முதல் நாள் ஓடை தாண்டிப் போய்த் தொட்டிகளில் கொட்டினாள். தொட்டிக்குப் பக்கத்திலேயே வண்டியைத் திருப்பும்போது சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. குதிரையை அவிழ்த்து, கல் தேடி, சக்கரத்துக்கு அடியில் கொடுத்து எடுக்க வெகுநேரம் ஆயிற்று. ஆகவே அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. ஆகவே பார்த்தாள்.

பிறகு அவளே இதை என்னிடம் சொன்னாள். பலரிடமும் சொன்னாள்.

கொழுத்த கிடாரிகள் தொட்டிக்கு முன்னால் தோளோடு தோள் சேர்த்துச் சுவர் மாதிரி நின்றன. தலையைத் தூக்காமல் தின்றன. சின்னவை பின்னால் வளையமாக நின்றன. கத்தவில்லை, முட்டவில்லை. சும்மா நின்றன. குளிர் முழுக்க நின்று பழகியவை. ஒரு கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்த கிடாரி ஒன்று இரண்டு பெரியவற்றுக்கு நடுவில் மூக்கை நுழைத்தது. பக்கத்தில் இருந்தது திரும்பக்கூட இல்லை. கொம்பை மட்டும் பக்கவாட்டில் வீசியது. விலாவில் பட்ட சத்தம் வண்டி வரை கேட்டது. சின்னது பின்வாங்கி, கொஞ்ச தூரம் போய், வண்டியிலிருந்து சிந்திய தவிடு கிடந்த மண்ணை நக்க ஆரம்பித்தது. பெரியவை தின்று முடித்து விலகிய பிறகு மற்றவை வந்து தொட்டியின் பலகையை நக்கின. பலகையில் நக்கி நக்கி வழவழப்பான பள்ளங்கள் விழுந்திருந்தன.

“அந்தப் பள்ளத்துல விரல வச்சுப் பாத்தேன் வில்மார்” என்றாள். “ஒரு நாள்ல விழுந்ததில்ல அது. குளிர் பூரா விழுந்தது.”

தவிடு தொட்டிக்கு வந்துதான் இருக்கிறது. லீபர் கொட்டித்தான் இருக்கிறான். இரண்டு வயிறுகளுக்குப் போட்டதை ஒரே வயிறு தின்றிருக்கிறது. அந்த வயிற்றைக் கொண்டுவந்து அங்கே சேர்த்துவிட்டது அவள். நிற்காமல் வந்துவிடு என்று சொன்னதும் அவள்.

அடுத்த நாளே கிடாரிகளைப் பிரித்துவிட்டாள். பெரியவற்றுக்குத் தவிட்டை நிறுத்தினாள். சின்னவற்றை வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல புல் இருந்த நிலத்துக்கு மாற்றி, எல்லாம் ஒரே நேரத்தில் வாய் வைக்கும்படி தொட்டிகளை நீளமாகப் போட்டாள். சின்னவற்றிலும் ரொம்பச் சோர்ந்தவற்றை மறுபடி தனியாக எடுத்தாள். சில வாரத்திலேயே மயிர் மினுங்க ஆரம்பித்தது.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதுதான் கதையிலேயே மோசமான பகுதி என்பாள் அவள். மேடைக்குப் பக்கத்தில் சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை. அதற்குப் பிறகு தெரிந்தே சும்மா இருந்த ஒவ்வொரு நாளும் கோபமில்லாமல், யோசித்து, அவளாகச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். கடைக்குப் பக்கத்துப் பண்ணைப் பையனை அனுப்பினாள். நான் தவிடு இறக்கப் போனபோது இரண்டு மந்தையாக நிற்பதைப் பார்த்துக் கேட்டேன்.

“எதுக்கு ஒதீலா பிரிச்சுட்ட?”

“அந்தப் பக்கம் புல்லு கம்மி.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம் நிற்பதை வழியில் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.  வேறு பேச்சு பேசலாம் என்று, என் மனைவி பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்ததைச் சொன்னேன். லீபரின் மகளைப் பிள்ளைகள் ‘தவிட்டுக்காரி’ என்று கூப்பிடுகிறார்களாம். அவள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாளாம்.

ஒதீலா தோளில் இருந்த மூட்டையை இறக்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை. அப்படியே நின்றாள். பிறகு மூட்டை அவள் காலடியில் விழுந்து பிரிந்தது. தவிட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்னை லீபர்கிட்ட கூட்டிட்டுப் போ” என்றாள்.

மரம் நடும் முகாம் மலைச்சரிவில் தகரக் கொட்டகைகளாக இருந்தது. நாங்கள் போனபோது ஆட்கள் சாப்பாட்டுக்காகக் கூடியிருந்தார்கள். லீபர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காலணியின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒதீலா நேராக அவன் முன்னால் போய் நின்றாள். தனியாகக் கூப்பிட்டால் கோழைத்தனமாகிவிடும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவள்.

“லீபர், நான் உன்னைத் திருடன்னு சொன்னது பொய். தவிட்ட நீ எடுக்கல. உன் பன்னிங்க தின்னல. என்னை மன்னிச்சுடு.”

சுற்றி இருந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். லீபர் கத்தியை மடித்து வைத்தான்.

“அப்ப எங்க போச்சு தோன்யா?”

அவன் குரலில் கோபம் இல்லை. மாடு வளர்க்கிறவன் கேட்கிற கேள்வி. அவள் சொன்னாள். பெரியவை நின்ற விதம், சின்னவை நின்ற விதம், பலகையில் விழுந்த பள்ளம். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“நானும் ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கணும்” என்றான் கடைசியில்.

“நீ அப்படிச் சொல்லாத. நிக்காதன்னு சொன்னது நான். திரும்பி வந்துடு லீபர். வீடு அப்படியே இருக்கு.”

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். பிறகு தணிந்த குரலில், பக்கத்தில் நின்ற எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னான்: “இங்க என்னை யாருக்கும் தெரியாது தோன்யா. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். திருடன்னு பேர் வாங்கினவன்னு இப்ப இவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு.”

ஒதீலா திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் அவசரமாகத் தட்டைப் பார்த்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னான்.

“நீங்க சொன்னப்ப யாரு யாரு நின்னாங்களோ, அவங்ககிட்ட சொல்லுங்க” என்றான் லீபர். எழுந்து நாற்றுத் தட்டை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

 திரும்பி வரும் வழியில் ஒரு தடவை லாரியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். “மன்னிப்பு கேக்கக்கூட எனக்குத் தெரியல” என்றாள்.

அடுத்து வந்த ஏலத்தன்று ஊரே சந்தைத் திடலில் இருந்தது. பிராவுலியோ மேடையில் நின்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தார். ஒரு மந்தை வெளியேறி அடுத்தது உள்ளே வருவதற்குள் ஒதீலா படியேறிப் போய்க் கையை நீட்டினாள்.

“எனக்கு அத கொஞ்சம் குடுங்க.”

“என்னம்மா, பாட்டுப் பாடப் போறியா?” என்று சிரித்தபடி கொடுத்தார்.

 எடை போட்ட நாளில் லீபர் கொர்ரேயாவைப் பற்றித் தான் சொன்னது பொய் என்றாள். தவிட்டைத் தின்றவை தன்னுடைய பெரிய கிடாரிகள், சேர்த்து விட்டது தான், நின்று பார்க்கவிடாமல் துரத்தியது தான் என்றாள். தெரிந்த பிறகும் வாரக் கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். அதை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை, யாருக்கும் தெரியாது.

 பிராவுலியோ நல்ல மனிதர்தான். அவளைக் காப்பாற்ற நினைத்தார்.

“சரி சரி, பேசறப்ப ஒரு வார்த்தை கூடக்குறைய வர்றதுதான். கணக்குல தப்பு நடக்காத பண்ணை உண்டா…”

“கணக்குல தப்பில்ல பிராவுலியோ. நீங்க சிரிச்சீங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. அந்த அவமானத்தத் தூக்கி அவன் தலையில போட்டேன். அவ்வளவுதான்.”

படி இறங்கி வந்தாள். வழி விட்டார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவரவர் காலணியைப் பார்த்தோம். வேலை இல்லை என்று சொன்னவர்களும், குடுக்கையைத் தாண்டிக் கொடுத்தவனும், அந்த வட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் அங்கேதான் நின்றோம்.

கொஞ்ச நாளில் லீபருக்கு ஆற்றுக்கு அக்கரைப் பண்ணை ஒன்றில் மாட்டு வேலை கிடைத்தது. ஒதீலா தன்னுடைய நல்ல கிடாரிகளில் நாலைந்தை என் லாரியில் ஏற்றி அவன் வீட்டுக்கு அனுப்பினாள். வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மிர்த்தா வாசலுக்கு வந்தாள். லாரியின் பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள்.

“எதுக்கு இது? என் பன்னி தின்ன தவிட்டுக்குக் கூலியா?”

“மிர்த்தா, அவ மனசு கேக்காம…”

“அவ மனசு கேக்கலன்னா அவ வச்சுக்கட்டும். என் புள்ள ராத்திரியில அழுததுக்கு மாடு விலை போட்டுடுவாளா? லாரியத் திருப்பு வில்மார். உனக்கு வேணும்னா ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ.”

காப்பி குடித்துவிட்டு கிடாரிகளோடு திரும்பினேன். ஒதீலா கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன். மிர்த்தா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் வந்தது. சின்னக் கிடாரிகள் நன்றாகத் தேறியிருந்தன, ஆனால் வேண்டிய எடைக்குக் கொஞ்சம் கீழே நின்றன. விட்டுப் பார்க்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் விடவில்லை. உடம்பு தாங்காத கிடாரிக்குச் சினை பிடித்தால், ஈனும்போது அதுவும் போகும், கன்றும் போகும் என்றாள். பதினைந்து மாதம் என்று கூட்டத்தில் சவால் விட்டவள், ஒரு வருஷம் காத்திருக்கிறேன் என்று அதே கூட்டத்தில் எழுந்து சொன்னாள். கொழுத்தவற்றுக்கு மட்டும் காளை சேர்த்தாள். கொழுப்பு மிஞ்சியதில் சில சினையே பிடிக்கவில்லை. பிடித்தவற்றில் இரண்டு ஈனும்போது பிறப்பு வழியில் கொழுப்பு அடைத்துச் செத்தன. அடுத்த கோடையில் சின்னவற்றுக்குச் சிறு கன்று போடும் காளையாகப் பார்த்துச் சேர்த்தாள். ஏறக்குறைய எல்லாமே சினை பிடித்தன. அந்தக் கண்வட்டக் கிடாரியும் பிடித்தது.

அதற்கடுத்து வந்த கன்றுகளிலிருந்துதான் அவள் சொன்னது நிஜமாயிற்று. சின்னதைச் சின்னதோடு, பெரியதைப் பெரியதோடு, ஒரு நாள் தின்று மறுநாள் பட்டினி என்றில்லாமல் தினமும் ஒரே அளவு. பதினைந்து மாதத்தில் காளை, இரண்டு வயதில் கையில் கன்று. பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தார்கள். சங்கத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள்.

பேச எழுந்தால் அவள் முதலில் லீபர் கதையைத்தான் சொல்வாள். எடை, தவிடு எல்லாம் அப்புறம்தான். பழையவர்கள் நெளிவார்கள். “அதான் எங்களுக்குத் தெரியுமே ஒதீலா, தீவனத்துக்கு வா” என்று பிராவுலியோ ஒருமுறை சொன்னார். “இது தீவனம்தான்” என்று சொல்லிவிட்டு அவள் முழுதாகச் சொல்லி முடித்தாள். சொல்லும்போதெல்லாம் கழுத்து சிவக்கும். வருஷங்கள் ஆகியும் அது குறையவில்லை.

ஒருமுறை அக்கரைப் பண்ணைக்காரர் தன் மேற்பார்வையாளனை அந்தக் கூட்டத்துக்கு அனுப்பியிருந்தார். லீபர்தான். கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. அவள் பாதி சொல்லும்போதுதான் அவனைப் பார்த்தாள்.  அவன் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவள், அவன் முன்னாலேயே, எதையும் குறைக்காமல் மிச்சத்தைச் சொன்னாள்.

கேள்வி கேட்கலாம் என்றபோது யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து லீபர் எழுந்தான்.

“ஒரு கிடாரிக்குத் தொட்டியில எவ்வளவு இடம் விடறீங்க தோன்யா?”

“ரெண்டு சாண்” என்றாள்.   “கொம்பு இருந்தா மூணு.”

“எங்ககிட்ட கொம்பு வச்சதுதான் அதிகம்.”

“அப்ப மூணு விடு.”

“சரி” என்று உட்கார்ந்தான்.

இறைச்சி வெட்டுவதற்கு முன்பே அவன் கிளம்பிவிட்டான். வெளியே நின்ற வண்டியில் மிர்த்தா உட்கார்ந்திருந்தாள். ஒதீலா வாசல் வரை போனாள், அதற்கு மேல் போகவில்லை. வண்டி திரும்பும்போது லீபர் தொப்பியின் விளிம்பைத் தொட்டான். மிர்த்தா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.